நவம்பரில் மட்டும் செய்தியாகும் ஆறு

பருவமழை வலுத்தால் போதும், அந்தச் செய்தி வந்துவிடும். பிச்சாட்டூர் அணை நிரம்பியது, உபரிநீர் திறப்பு, ஆரணியாற்றுக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. கூடவே சுருட்டப்பள்ளி தடுப்பணையில் தண்ணீர் வழிகிற படம், மூழ்கிப்போன ஒரு தரைப்பாலம், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளம் வடியும். பிறகு அடுத்த நவம்பர் வரை ஆரணியாற்றைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

ஆந்திர மலையடிவாரத்தில் பிறந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வந்து, ஊத்துக்கோட்டையைத் தாண்டி, பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலை ஒட்டி ஓடி, பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டில் போய்க் கலக்கிற ஆறு இது. ஆடி மாதம் லட்சக்கணக்கான பக்தர்கள் பெரியபாளையத்துக்கு வருகிறார்கள். அப்போது ஆற்றில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. மணலும் சீமைக்கருவேலமும் அங்கங்கே தேங்கிய குட்டையும்தான் இருக்கும். அந்தக் குட்டையில் உள்ள தண்ணீர் எப்படி இருக்கிறது, அதில் என்ன உயிர் வாழ்கிறது, மணலுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று வருஷம் முழுக்கப் பார்த்து எழுதிவைக்க உள்ளூரில் ஆள் வேண்டும். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் இன்றைக்கு எந்தக் கைபேசியிலும் கிடைக்கின்றன. பாடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இன்னும் குறையவில்லை.

ஆரணிக்கு வடக்கே இருக்கும் கும்மிடிப்பூண்டிக்கென்று பெயர் சொல்லும்படி ஒரு பெரிய ஆறு கிடையாது. தெற்கே ஆரணி, அதற்கும் தெற்கே பூண்டியில் தேங்கி எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலை. வட்டாரத்தில் பெய்கிற மழை ஒரு ஏரியின் கலங்கலைத் தாண்டி அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து ஓடைக்கும், எளாவூர், சுண்ணாம்புகுளம் பக்கமாகப் பழவேற்காடு ஏரிக்கும் இறங்குகிறது. இந்த ஏரிச் சங்கிலிதான் இங்கே ஆறு. 1980களிலிருந்து வளர்ந்த சிப்காட் தொழில் வளாகம் உட்கார்ந்திருப்பது இந்தச் சங்கிலியின் மேல்தான். இரும்பு உருக்கும் உலைகள், கம்பி இழுக்கும் ரோலிங் மில்கள், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் பட்டறைகள், ரசாயன ஆலைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. மேற்கே தேர்வாய்கண்டிகையில் இன்னொரு சிப்காட். அதற்குப் பக்கத்திலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அரை டி.எம்.சி. கொள்ளளவு, சென்னைக்கு ஐந்தாவது குடிநீர் ஏரி. ஆலையும் குடிநீரும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரில் தண்ணீரைப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கைபேசிக்கு வந்த வகுப்பு

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இன்று ஒரு பெரிய இலவச வகுப்பறை. 2017-ல் மத்திய அரசின் ஸ்வயம் தளமும் வந்தது. பாடம் பார்க்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ரவி கிருஷ்ணா நடத்தும் சுற்றுச்சூழல் தரக் கண்காணிப்புப் பாடம் அதில் உண்டு. மாதிரி எடுப்பது எப்படி, எடுத்த மாதிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, பிழை எங்கே நுழையும் என்று பொறுமையாகப் போகும் வகுப்பு. சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார்ந்து வரும் நேரத்தில் ஒன்றிரண்டு விரிவுரையைக் கேட்டுவிடலாம்.

இந்தப் பாடங்கள் எல்லாவற்றிலும் முதலில் வருவது ஆக்சிஜன். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான் மீன் மூச்சுவிடுகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். நம் ஊர் வெயிலில் 30 டிகிரி ஆகிவிட்டால் அதுவே ஏழரையாகக் குறைந்துவிடும். அதனால் நம் நீர்நிலைகளுக்குத் தொடக்கத்திலேயே கையிருப்பு குறைவு. அதில் சாக்கடை கலந்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். அவை எவ்வளவு தின்கின்றன என்ற கணக்குத்தான் பி.ஓ.டி. குளிக்கத் தகுந்த ஆற்றில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. 3-ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை.

இதையெல்லாம் கருவி இல்லாமல் ஓரளவு சொல்லிவிட முடியும். வலையில் விழும் மீனைப் பார்த்தாலே போதும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை மூன்றும் மேலே வந்து காற்றைக் குடிக்கக்கூடியவை. தண்ணீரில் ஆக்சிஜன் போனாலும் அவை தாக்குப்பிடிக்கும். சாதாரணக் கெண்டை அப்படி இல்லை. ஒரு ஏரியில் முன்பு கெண்டை நிறைய விழுந்து, இப்போது தேளியும் டேங்க் கிளீனர் மீனும் மட்டும் விழுகின்றன என்றால் அந்த ஏரிக்கு மூச்சு முட்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கரைச் சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் அள்ளிப் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தட்டான் குஞ்சுகள், சிறு நத்தைகள், வண்டுகள் என்று பல வகை நெளிந்தால் நல்லது. நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் அது நல்ல சேதி இல்லை. ஆக்சிஜன் மிகக் குறைந்த சேற்றிலும் அதைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் அந்தப் புழுவின் உடலில் இருக்கிறது. அந்தச் சிவப்புக்குக் காரணம் அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் இதையே ஒரு மக்கள் கல்வியாக ஆக்கியிருக்கிறார்கள். மினிசாஸ் என்று பெயர். ஒரு சிறு வலை, ஒரு தட்டு, படம் போட்ட ஒரு தாள். ஆற்றில் கிடைக்கும் பூச்சிகளை 13 குழுக்களாகப் பிரித்து மதிப்பெண் போட்டு, இணைய வரைபடத்தில் ஏற்றிவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள். மணல் ஆற்றுக்கு ஒரு கணக்கு, பாறை ஆற்றுக்கு ஒரு கணக்கு என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது ஆரணி மணல் ஆறாயிற்றே, நாமும் செய்யலாமே என்ற ஆசை வருகிறது. அடுத்த பக்கத்திலேயே ஒரு நிபந்தனை: ஓடும் தண்ணீரில் மட்டும்தான் இந்த முறை செல்லும். குளம், ஏரி, கழிமுகத்துக்குச் செல்லாது.

ஓடாத ஆற்றுக்குப் பாடம் எங்கே?

இணையத்தில் கிடைக்கும் ஆற்றுச் சூழலியல் பாடங்கள் பெரும்பாலும் வருஷம் முழுக்க ஓடும் குளிர் தேசத்து ஆறுகளை வைத்து எழுதப்பட்டவை. பி.ஓ.டி. சோதனையையே எடுத்துக்கொள்ளலாம். பழைய முறை 20 டிகிரி, ஐந்து நாள். அந்த ஐந்து நாள் என்பது பிரிட்டனில் உருவான கணக்கு. அந்நாட்டு ஆற்றுநீர் கடல் சேர அதிகபட்சம் ஐந்து நாள் ஆகும், அதனால்தான் ஐந்து என்று சொல்வார்கள். இந்தியா நம் வெயிலுக்கு ஏற்றபடி 27 டிகிரி, மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டது. ஒரு சோதனையை நமக்குப் பொருத்திக்கொண்ட நாம் பாடத்தை இன்னும் பொருத்திக்கொள்ளவில்லை. கல்லைப் புரட்டிப் பூச்சி தேடச் சொல்கிறது பாடம். பொன்னேரிக்குக் கீழே புரட்டக் கல் இல்லை.

வருஷத்தில் சில காலம் ஓடாமல் நிற்கும் ஆறுகளை அரைகுறை ஆறுகள் என்று நினைக்கும் பழக்கம் அறிவியலிலும் இருந்தது. 2021-ல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. உலகின் ஆறுகளின் மொத்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம் வரை ஆண்டுக்கு ஒரு நாளாவது ஓட்டம் நிற்பவை. ஆரணியைப் போன்றவைதான் பெரும்பான்மை என்று ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட ஆற்றின் பாதி உயிர் மணலுக்குக் கீழே இருக்கிறது. ஆற்றில் ஊற்று தோண்டிக் குடித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்து வெள்ளத்தில் ஒரு பங்கை மணல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் கிணறுகளுக்குக் கொடுக்கிறது. மணல் போனால் அந்தச் சேமிப்பும் போய்விடும். ஆரணியும் கொசஸ்தலையும் மணலுக்காகத் தோண்டப்பட்ட கதை திருவள்ளூர் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இதன் விளைவைப் படிக்க வெளிநாடு போக வேண்டாம், மீஞ்சூர் போனால் போதும். சென்னையின் தாகத்துக்கும் ஆலைகளின் தேவைக்கும் ஆரணி-கொசஸ்தலை படுகையில் கிணறுகள் வெட்டித் தண்ணீர் எடுக்கத் தொடங்கியது 1960களில். ஐ.நா. வளர்ச்சித் திட்டமே அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்தது. எடுத்தது அதிகம், இறங்கியது குறைவு. காலியான இடத்தில் கடல் உள்ளே வந்தது. மீஞ்சூர் பக்கத்தில் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வரை கிணறுகள் உப்பாயின. நல்ல தண்ணீர் எடுத்த அதே மீஞ்சூரின் கடலோரத்தில் 2010-ல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. இந்த ஒரு வட்டாரத்தின் 50 ஆண்டு வரலாற்றை ஒரு பாடமாக எழுதினால் உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகமும் அதை எடுத்து நடத்தும்.

நிலைமை திரும்பக்கூடியது என்பதற்கும் ஆரணியிலேயே ஆதாரம் இருக்கிறது. பாலேஸ்வரம் தடுப்பணையை அண்ணா பல்கலைக்கழகத்தின் எல். இளங்கோ குழுவினர் தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். தடுப்பணையில் தேங்கிய தண்ணீர் பக்கத்துக் கிணறுகளில் மட்டத்தை உயர்த்தியது, தண்ணீரின் தரத்தையும் தேற்றியது. ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் இருக்கின்றன, ஆங்கிலத்தில். பாலேஸ்வரத்து விவசாயி படிக்கும்படி ஒரு நான்கு பக்கம் தமிழில் வந்தால் அடுத்த தடுப்பணையை எங்கே கேட்பது என்று ஊரே பேசும்.

கிணற்றில் உப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று நாமே அளக்கவும் முடியும். ஆர்.ஓ. தண்ணீர் வந்த பிறகு, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா தெரியாத வீடு இல்லை. சில நூறு ரூபாய்தான். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்திய தர நிர்ணயம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை ஒவ்வொரு ஊரிலும் இரண்டு கிணறு என்று மாதம் ஒருமுறை அந்தப் பேனாவை முக்கி எழுதிவைத்தால், உப்புக் கோடு எங்கே நிற்கிறது, மழைக்குப் பிறகு எவ்வளவு பின்வாங்கியது என்று ஒரே வருஷத்தில் தெரிந்துவிடும். கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் செய்துவிடலாம்.

பட்டியலில் இல்லாததால் நலமா?

மத்திய வாரியம் 2022-ல் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலை வெளியிட்டது. 279 ஆறுகளில் 311 பகுதிகள். தமிழ்நாட்டில் பத்து. முதலிடம் கூவத்துக்கு. ஆவடிக்குக் கீழே பி.ஓ.டி. 345 வரை போயிருந்தது. தாமிரபரணி, காவிரி, பாலாறு, பவானி எல்லாம் இருக்கும் அந்தப் பத்தில் ஆரணியும் இல்லை, கொசஸ்தலையும் இல்லை.

நிம்மதிப்படுவதற்கு முன், அந்தப் பட்டியல் எதைக் கொண்டு தயாராகிறது என்று பார்க்க வேண்டும். பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்பதுதான் அளவுகோல். அது சாக்கடையைக் காட்டிக்கொடுக்கும், இரும்பாலைக் கழிவை அந்த அளவுக்குக் காட்டிக்கொடுக்காது. அமிலத்தில் கம்பியைக் கழுவிய தண்ணீர், துத்தநாகப் பூச்சுப் பட்டறையின் கழிவு, பேட்டரிப் பட்டறையின் ஈயம் இவற்றில் நுண்ணுயிர் தின்ன எதுவும் இல்லை. இன்னும் மோசம் என்னவென்றால், உலோகம் அதிகமாக இருந்தால் சோதனைக் குப்பியில் உள்ள நுண்ணுயிர்களே செத்துப்போகும். அவை செத்தால் ஆக்சிஜன் செலவாகாது. பி.ஓ.டி. குறைவாக வரும். தாளில் தண்ணீர் நல்லதாகத் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் தண்ணீரைப் படிக்க வருகிறவர் மனதில் முதலில் பதிய வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். இங்கே பார்க்க வேண்டியவை அமிலத்தன்மை, உப்பு, உலோகம். தண்ணீரை மட்டும் பார்த்தும் பயனில்லை, ஏரியின் சேற்றைப் பார்க்க வேண்டும். உலோகம் தண்ணீரோடு ஓடிப்போவதைவிடச் சேற்றில் படிந்து தங்குவதுதான் அதிகம். ஊருக்குள் இருக்கும் தாமரை ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை எழுதியாகிவிட்டது. மேலே ஆகாயத்தாமரையை அள்ளிவிட்டால் ஏரி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அடியில் உள்ள சேற்றைச் சோதிக்காமல் அதற்கு நலச் சான்று தர முடியாது.

உலோகச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், செலவாகும். ஆனால் அந்தச் செலவை ஏற்கெனவே வேறு யாரோ செய்து, முடிவையும் இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பெரிய ஆலை சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது, தன்னைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தில் உள்ள நீர்நிலைகளையும் கிணறுகளையும் சோதித்து அறிக்கையில் சேர்க்க வேண்டும். அந்த அறிக்கைகள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. ஒரே ஏரியை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நிறுவனங்கள் சோதித்திருக்கும். அவற்றை ஒன்றாக அடுக்கினாலே அந்த ஏரியின் மருத்துவக் கோப்பு பாதி தயாராகிவிடும். எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அங்கே கேள்வி கேட்க வேண்டும். மக்கள் கருத்துக்கேட்பு உள்ள திட்டங்களுக்கு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தருவது 2006 அறிவிக்கையின்படி கட்டாயம். கூட்டம் நடக்கும் அன்று பந்தலில் உட்கார்ந்து அதைப் புரட்டுவதைவிட ஒரு மாதம் முன்பே நாலு பேர் சேர்ந்து வாசித்தால் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்.

அதிகம் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் கழிவுநீரையும் புகையையும் நேரலையாக அளந்து வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2014-ல் உத்தரவு வந்தது. அந்த எண்கள் கிண்டியில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைமையகத்தின் திரையில் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டிப் பேருந்து நிலையத்திலும் ஒரு திரையில் ஓடினால் என்ன? ஆலை எந்த ஊர் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் அந்த எண் முதலில் தெரிய வேண்டும்.

சட்டத்தில் உள்ள ஒரு நுணுக்கத்தையும் படிப்போடு சேர்த்துக் கற்க வேண்டும். 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ம் பிரிவு, மாதிரியை அதிகாரி எப்படி எடுக்க வேண்டும், எப்படி முத்திரையிட வேண்டும் என்று வரையறுக்கிறது. அந்த முறைப்படி எடுக்காத கழிவுநீர் மாதிரி வழக்கில் சான்றாக நிற்காது. நாம் பாட்டிலில் பிடித்த தண்ணீரும் நிற்காது. ஆனால் தேதி, நேரம், இடம், படம், அமிலத்தன்மையைக் காட்டும் ஒரு பி.எச். அளவு இவற்றோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும் புகாருக்குத் தனி கனம் உண்டு. வெறுமனே நாற்றமடிக்கிறது என்று எழுதிய மனு மேசையில் கிடக்கும், பி.எச். 3 என்று எழுதிய மனுவுக்கு ஒருவர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். கழிவு ஓடும் கால்வாயில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். கையுறை போட்டு, கயிற்றில் கட்டிய குப்பியால் கரையில் நின்றே எடுக்கலாம்.

வானத்திலிருந்தும் சேற்றிலிருந்தும்

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை பழவேற்காட்டைப் படம் பிடிக்கின்றன. பத்து மீட்டர் அகலம் உள்ள பொருள் வரை தெரியும். கோப்பர்நிகஸ் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கினால் போதும், காசு வேண்டாம். பழவேற்காடு முகத்துவாரத்தைத் திரையில் வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு படமாகத் தள்ளிப் பார்த்தால், மணல் திட்டு வளர்ந்து வாய் சுருங்குவதும், வெள்ளம் வந்ததும் அது உடைந்து பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் விசிறியாக விரிவதும் கண்முன் நடக்கும். அடுத்து, உலக மேற்பரப்பு நீர் வரைபடத்தைத் திறந்தால் 1984-லிருந்து எந்த ஏரியில் எத்தனை காலம் தண்ணீர் நின்றது என்று நிறத்தில் காட்டும். எங்கள் ஊர் ஏரி எப்போதும் வறண்டுதான் கிடந்தது என்று யாராவது பட்டா கேட்டு வந்தால், இல்லை என்று காட்ட அந்த நிறம் போதும்.

வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பதை எண்ணூர் காட்டியது. கொசஸ்தலைக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் காட்டும் 1996-ம் ஆண்டின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே ஆர்வலர்களும் மீனவர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். பின்னாளில் புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியதால்தான் எண்ணூர்ப் பிரச்சினை சென்னையின் பிரச்சினையானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோது, எது எங்கே கலக்கிறது என்று முன்பே எழுதி வைத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

திரையில் தெரியாதவையும் உண்டு. கடந்த சில ஆண்டுகளாக எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் தண்ணீருக்கு அடியில் ஒரு கருப்பு விரிப்பு பரவுகிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த சிப்பி. கப்பல்களோடு வந்திருக்கக் கூடும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். ஒன்றோடொன்று நூலால் பிணைந்து தரையை மூடிவிடுகிறது. அதற்கடியில் மஞ்சா மட்டி மூச்சுத் திணறிச் சாகிறது. இறால் பதுங்கவும் மேயவும் சேறு கிடைப்பதில்லை. ஓதம் ஏறி இறங்குவதும் தடைபடுகிறது. காக்கா ஆழி வந்துவிட்டது என்று முதலில் உணர்ந்தவை கால்களும் கைகளும்தான். படகிலிருந்து இறங்கிய கால் வெட்டுப்பட்டது.

பழவேற்காட்டு ஓரத்தில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். சேறு இளகியிருக்கிறதா, மணல் கலந்திருக்கிறதா, சாம்பல் படிந்திருக்கிறதா என்பது விரல் நுனியில் அவர்களுக்குத் தெரியும். பழவேற்காட்டு மீனவர்களின் ‘பாடு’ முறையும் அப்படித்தான். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று குலுக்கல் முறையில் பகிர்ந்துகொள்ளும் அந்த ஏற்பாட்டுக்குள், எந்த மாதம் எங்கே இறால் வரும் என்ற நீண்ட காலக் கணக்கு இருக்கிறது. ஆன்லைன் பாடம் தயாரிக்கிறவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு முதலில் போக வேண்டிய இடம் இதுதான். அந்தப் பெண்களை ஆசிரியர்களாக உட்கார வைத்து, அவர்களுக்கு உரிய ஊதியமும் கொடுத்து, பாடத்தில் அவர்கள் பெயரையும் போட வேண்டும். தகவல் கொடுத்தவர் என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடக் கூடாது.

இதற்கான நிறுவனங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது, ஆய்வகத்தோடு. அதே ஊரில் உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் கிராமப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி அது. நான் முதல்வன் திட்டத்தில் 2022 முதல் லட்சக்கணக்கான மாணவர்கள் இணையவழித் திறன் பயிற்சி பெறுகிறார்கள். கணினி நிரல் எழுதச் சொல்லித்தரும் அந்தப் பட்டியலில் நீர்நிலை ஆய்வும் ஒரு பாடமாக இருக்கலாம். சிப்காட் ஆலைகளுக்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளை அந்த வேலையில் உட்கார்ந்தால், குழாயிலிருந்து வெளியே போகும் தண்ணீர் தன் ஏரிக்குத்தான் போகிறது என்ற நினைப்போடு உட்காருவார்.

பன்னிரண்டு வாரப் பாடம் எழுதுவது பெரிய காரியமில்லை. ஏரிச் சங்கிலிக்கு ஒரு வாரம், மணலுக்கும் ஊற்றுக்கும் இரண்டு வாரம், மீஞ்சூர் உப்புக்கு ஒரு வாரம், உலோகத்துக்கும் சேற்றுக்கும் மூன்று வாரம், பரிவேஷ் அறிக்கையும் செயற்கைக்கோள் படமும் வாசிக்க இரண்டு, சட்டத்துக்கு ஒன்று, மிச்சம் இரண்டும் பழவேற்காட்டில் தண்ணீருக்குள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் செப்டம்பரில், பெரியபாளையத்திலும் பொன்னேரிப் பாலத்தடியிலும் மிச்சமிருக்கும் குட்டைகளில் ஒரு மாதிரி. பிச்சாட்டூர் திறந்து வெள்ளம் வடிந்த கையோடு டிசம்பரில் அதே இடங்களில் ஒன்று. மணல் காயத் தொடங்கும் மார்ச்சில் ஒன்று. மூன்று மாதிரிக்கும் சேர்த்து பி.எச்., உப்பு, வெப்பம், தட்டில் நெளிந்தவை என்று நாலு கட்டம் போட்ட ஒரு தாள் போதும். இந்த செப்டம்பரிலேயே தொடங்கலாம்.